தாதியர் தலைமையும் நோயாளர் பாதுகாப்பும்

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தின் உறுப்புகளை வகுக்கப் புகுந்த திருவள்ளுவர், அவை நான்கென்றார். நோயுற்றவன் ஒருவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், அவனுக்குக் கருவியாகிய மருந்து ஒன்று, அம்மருந்தை நோயாளிக்கு உரியவாறு இயற்றிக் கொடுப்பவன் நான்காமவன். இந்நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே நிற்பவன் என்பது அப்பெயரின் கருத்தாம். இக்காலத்தில் நாம் தாதி என்றும் செவிலி என்றும் வழங்குவது இவரையே.

உரை கண்ட பரிமேலழகர் இந்நான்கு உறுப்புகளையும் தனித்தனி நந்நான்காக விரித்துரைத்தார். உழைச்செல்வானுக்கு அவர் கூறிய நான்கனுள், நோயாளியிடத்து அன்பும் உள்ளத்தானும் உடலானும் தூய்மையும் எவர்க்கும் எளிதில் விளங்குவன. எஞ்சிய இரண்டும் சற்று நின்று சிந்தித்தற்குரியன. சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை அவற்றுள் ஒன்று, அறிவுடைமை மற்றொன்று. சொல்லியவாறே செய்பவர்க்கு வேறாக ஓர் அறிவு எற்றுக்கு என்ற வினா இங்கு எழுகின்றது. சொல்லப்பட்டதில் பிழையிருப்பின் அதனை உணர்தற்கும், தம் கையாற் பிழை நேர்ந்துவிடின் அதனை உணர்ந்து உரைத்தற்கும் அவ்வறிவு வேண்டும் என்பது என் கருத்து. ஆயின், உணர்ந்ததை உரைக்கும் துணிவு எல்லார்க்கும் தானாக அமைவதில்லை. அதனை உண்டாக்குவதும் கெடுப்பதும் அவர் பணிபுரியும் வாட்டின் தலைமையே. தாதியர் தலைமை எவ்வாறு அமைகின்றதோ அதற்கேற்பவே நோயாளரின் பாதுகாப்பும் அமையும் என்பதை இக்கட்டுரையில் ஒருவாறு விளக்க முற்படுவேன்.

முதற்கண் பிழை என்பது யாது என வரையறுத்துக் கொள்வோம். ஒருவர்க்குரிய மருந்தை வேறொருவர்க்குக் கொடுத்தல், மருந்து மாறுதல், அளவு மாறுதல், வேளை மாறுதல், வாயாற் கொடுக்கவேண்டியதை ஊசியாற் செலுத்துதல் என்பன மருந்து பற்றிய பிழைகள். கழுவாத கையால் தொற்றுப் பரவுதல், முதியோர் கட்டிலிலிருந்து விழுதல், ஒரு முறையினர் பணி முடித்து அடுத்த முறையினரிடம் ஒப்படைக்கும்போது செய்தி விடுபட்டுப் போதல் என்பனவும் இவ்வகையினவே. இவை சிறியனவாகத் தோன்றினும் இவற்றின் தொகை சிறிதன்று. 1999 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவ நிறுவகம் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு வைத்தியசாலைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 வரையினோர் மருத்துவப் பிழைகளால் இறப்பதாக மதிப்பிட்டு உலகைத் திடுக்கிடச் செய்தது. சிகிச்சை பெறுவோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அச்சிகிச்சையாலேயே தீங்குறுகின்றார் என்றும், அத்தீங்குகளிற் பாதிக்கு மேற்பட்டவை தடுக்கக்கூடியன என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. 2019 ஆம் ஆண்டு தொடக்கம் செப்டெம்பர் 17 ஆம் நாள் உலக நோயாளர் பாதுகாப்புத் தினமாகக் கொள்ளப்படுவதும் இதுபற்றியே.

இப்பிழைகளிற் பல மருத்துவராலும் மருந்தாளராலும் தொடங்குவன. எனினும் மருத்துவர் நோயாளியின் கட்டிலருகே நிற்பது சில நிமிடங்களே. இரவும் பகலும் அங்கிருப்பவர் தாதியர். மருத்துவர் எழுதுகின்றார், மருந்தாளர் அளந்து கொடுக்கின்றார், அம்மருந்து நோயாளியின் உடலிற் புகுமுன் அதனை இறுதியாகத் தொடுவது தாதியின் கை. முன்னிருவர் செய்த பிழையைத் தடுக்கும் கடைசி வாயில் அதுவே. அக்கையே பிழைக்குமாயின் அதற்கப்பால் வாயில் இல்லை.

இதனை யான் நூல்களாற் கற்பதற்கு முன் கண்ணாற் கண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், ராகலைப் பகுதித் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்ந்த என் தாயார், நெஞ்சுச் சளியும் மூச்சிளைப்பும் மிகுந்து மலையகத்து வைத்தியசாலையொன்றிற் சேர்க்கப்பட்டார். அவர் பெயர் லெட்சுமி. இரண்டு கட்டில்கள் தள்ளி மற்றொரு லெட்சுமி இருந்தார். அவர் நீரிழிவு நோயாளி. மாலையில், நோயாளரைக் காண வருவோர்க்குரிய வேளையில், யானும் அருகிருந்தபோது இளந்தாதி ஒருவர் ஊசியுடன் வந்து, “லெட்சுமியா?” என்று வினவினார். காது மந்தமான என் தாயார், “ஆமாங்க மிஸ்ஸி” என்று கையை நீட்டினார். ஊசி போடப்பட்டது. அது மற்ற லெட்சுமிக்குரிய இன்சுலின்.

அடுத்த கட்டிலுக்குச் சென்று சீட்டைப் பார்த்த அத்தாதி அப்படியே நின்றுவிட்டார். அவர் முகம் வெளுத்ததை யான் கண்டேன், காரணம் அறிந்திலேன். நீரிழிவு இல்லாதார்க்கு இன்சுலின் செலுத்தினால் இரத்தத்தில் உள்ள வெல்லம் தாழ்ந்துகொண்டே போகும். வியர்வையும் நடுக்கமும் தோன்றி, அறிவு மயங்கி, கவனியாது விடின் உயிரும் போகக்கூடும். தளர்ந்த மூதாட்டி ஒருவர் இரவில் அயர்ந்து கிடந்தால், உறங்குகின்றார் என்றே அனைவரும் எண்ணுவர். அத்தாதி வாய் திறவாதிருந்தால் அறிவார் ஒருவருமில்லை. ஆயினும் அவர் நேரே வாட்டின் பொறுப்புத் தாதியாரிடம் சென்று நடந்ததைக் கூறினார். பொறுப்புத் தாதியார் உடனே வந்து விரல் நுனியிற் குருதி எடுத்து வெல்லத்தின் அளவைப் பார்த்தார், மருத்துவர்க்கு அறிவித்தார், நரம்பு வழியே குளுக்கோசு ஏற்றுவித்தார். அதன் பின்னர் என்னிடம் வந்து, அரைகுறைத் தமிழில், “சேர், எங்கட பக்கம் பிழை நடந்தது. அம்மாவை விடிய மட்டும் பார்ப்போம்” என்றார். அவ்வாறே இரவு முழுதும் பார்த்தனர். நான்காம் நாள் என் தாயார் நலமாக வீடு திரும்பினார்.

வீடு திரும்பும் அன்று, அத்தாதியைக் கடிந்து ஒரு சொல்லும் கூறாததேன் என்று அப்பொறுப்புத் தாதியாரை வினவினேன். அவர், “ஏசினால் அடுத்த முறை சொல்ல மாட்டாங்க, சேர்” என்றார். இவ்வொரு வாக்கியத்திற் பல நூல்களின் சாரம் அடங்கியிருப்பதைப் பின்னரே உணர்ந்தேன். ஏசாது விட்டதோடு அவர் அமையவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. மறுநாளே ஒரே பெயருடையாரின் சீட்டுகளிற் சிவப்பு அடையாளம் இடப்பட்டது. “நீங்கள் லெட்சுமியா?” என்று கேளாமல், “உங்கள் பெயர் என்ன? அப்பா பெயர் என்ன?” என்று கேட்டு, விடையைச் சீட்டோடு ஒப்பிட்ட பின்னரே மருந்து கொடுத்தல் வேண்டும் என்பது வாட்டின் விதியாயிற்று. அத்தமிழ் வினாக்கள் சிங்கள எழுத்தில் எழுதப்பட்டு மருந்துத் தள்ளுவண்டியில் ஒட்டப்பட்டிருந்தன.

ஏசினால் சொல்ல மாட்டார்கள் என்னும் இவ்வுண்மையை ஆராய்ச்சி வாயிலாக நிறுவியவருள் ஒருவர் ஏமி எட்மண்ட்சன் என்னும் அமெரிக்க அறிஞர். அவர் ஆவார்ட்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாயிருந்த காலத்தில் இரு வைத்தியசாலைகளைச் சேர்ந்த எட்டுத் தாதியர் பிரிவுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உடைய பிரிவுகளில் மருந்துப் பிழைகள் குறைந்திருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கிடைத்த கணக்கோ நேர்மாறாயிருந்தது. நல்ல பிரிவுகளிலேயே பிழைகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன! நல்ல தலைமை பிழையை வளர்க்குமோ என்று மயங்கிய அவர், மேலும் நுணுகி நோக்கியபோது உண்மை வெளிப்பட்டது. நல்ல தலைமையின் கீழுள்ளார் பிழைகளை அஞ்சாது எடுத்துரைத்தனர். அச்சத்தின் கீழுள்ளார் மறைத்தனர். ஏட்டில் மிகுந்து தோன்றியது பிழையன்று, வாய்மையே. 1996 ஆம் ஆண்டில் வெளியான இவ்வாராய்ச்சி நமக்கு ஓர் எச்சரிக்கையுமாகும். பிழையே பதிவாகாத வாட்டைக் கண்டு மேலதிகாரிகள் மகிழ்தற்கு முன், அங்கே வாய்கள் திறந்துள்ளனவா என்று நோக்குதல் வேண்டும். பிரம்பு ஓங்கிய வகுப்பில் எவனும் தன் கணக்குப் பிழைத்ததென்று கூறுவதில்லை என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோமன்றோ?

தாதியர் பணியின் தலைவியாக உலகம் போற்றும் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பெருமையும் இவ்வகையில் எண்ணத்தக்கது. 1854 ஆம் ஆண்டு நவம்பரில் 38 தாதியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரிப் போர் வைத்தியசாலைக்கு அவர் சென்றார். அவர் விளக்கேந்தி நடந்ததை நம் பாடநூல்கள் கூறும். அவர் சென்ற பின்னரும் அங்கு இறப்பு மிகுந்தது என்பதை அவை கூறுவதில்லை. 1855 பெப்ரவரியில் அவ்வைத்தியசாலையில் இறப்பு வீதம் நூற்றுக்கு 42 அளவினதாயிருந்தது. அடுத்த மாதம் வந்த சுகாதார ஆணைக்குழுவினர் அடைபட்ட கழிவுக் கால்வாய்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்திற்கு வழிசெய்த பின்னரே அது பெரிதும் குறைந்தது. நாடு திரும்பிய அம்மையார் அவ்விறப்புக் கணக்குகளை வில்லியம் பார் என்னும் புள்ளிவிவர அறிஞருடன் ஆராய்ந்து, நோயாளரைக் கொன்றதிற் பெரும்பங்கு வைத்தியசாலையின் சுகாதாரக் கேட்டினது என்று கண்டார். தாம் பணிபுரிந்த இடத்தின் குறை அது என்பதற்காக அவர் மறைக்கவில்லை. 1858 இல் எவர்க்கும் விளங்கும் வரைபடமாக்கி வெளியிட்டார். 1860 இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் தொடங்கிய தாதியர் பயிற்சிப் பள்ளிக்கு அவ்வறிவே அடித்தளமாயிற்று. வைத்தியசாலை நோயாளிக்குத் தீங்கு செய்யாதிருத்தலே அதன் முதற்கடமை என்று அவர் வற்புறுத்தியது வெறும் அறவுரையன்று, பட்டறிவு.

இனி, தலைமையின் செயல்களை மூன்றாகப் பகுத்துக் காண்பாம். ஆள் அமைத்தல், பொருள் அமைத்தல், பேச்சுக்கு இடமமைத்தல் என்பன அவை.

ஆள் அமைத்தலாவது, எந்த வேளையில் எத்தனை தாதியர், அவருள் அனுபவமுடையார் எத்தனைபேர் என்று பணிமுறை வகுத்தல். லிண்டா எயிக்கன் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2002 இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு தாதியின் பொறுப்பில் நோயாளர் ஒருவர் கூடுந்தோறும், அறுவைச் சிகிச்சை பெற்றவர் முப்பது நாளுள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 வீதம் உயர்ந்தது. ஐரோப்பிய நாடுகள் ஒன்பதில் நடந்து 2014 இல் வெளியான ஆய்வும் அவ்வளவையே காட்டியது. இத்தகைய ஆய்வுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வருவதைக் காட்டுவனவேயன்றி, ஒன்றே மற்றொன்றிற்குக் காரணம் என்று முற்றாக நிறுவுவன அல்ல. எனினும் இரு கண்டங்களில் ஒரே விடை கிடைத்ததைப் புறக்கணித்தல் இயலாது. நம் நாட்டிலே 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின் மருத்துவரும் தாதியரும் பலர் கடல் கடந்தனர். எஞ்சியிருப்போரைக் கொண்டு பணிமுறை வகுக்கும் பொறுப்புத் தாதியாரின் இடர் அதனாற் பெருகியது. ஆளில்லாத குறையைத் தலைமையொன்றே தீர்த்துவிடும் என்று கூறுவது அறியாமை. ஆனால் உள்ள ஆளை எங்கே நிறுத்துவது, புதியவரை நள்ளிரவில் தனியே விடுவதா என்பன தலைமையின் கையிலுள்ளன.

பொருள் அமைத்தலுக்கு நல்ல சான்று கொழும்பிலேயே உண்டு. காசல் வீதி மகளிர் வைத்தியசாலையிற் பணிப்பாளராயிருந்த மருத்துவர் விமல் கரந்தகொட, 2000 ஆம் ஆண்டில், யப்பானியத் தொழிற்சாலைகளிற் கையாளப்பட்ட ஐந்து ஒழுங்கு முறையை அங்கு புகுத்தினார். வேண்டாதவற்றை நீக்கல், வேண்டியவற்றை உரிய இடத்தில் வைத்தல், துப்புரவாக்கல், அதனை ஒரே நெறியாக்கல், அந்நெறியைப் பழக்கமாக்கல் என்பன அவ்வைந்தும். ஒவ்வொரு பிரிவிலும் அங்குப் பணிபுரிவோரே சிறு குழுக்களாகக் கூடித் தம் இடத்தின் குறைகளை ஆராய்ந்து திருத்தினர். மருந்து அலுமாரியில் ஒவ்வொரு போத்தலுக்கும் ஓரிடமும் பெயரும் இருக்குமாயின், மங்கிய வெளிச்சத்திற் கை தவறான போத்தலுக்குப் போவது அரிது. பெருஞ்செலவின்றி நிகழ்ந்த இம்மாற்றத்தைக் காணப் பின்னாளில் ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் சுகாதாரத் துறையினர் வந்தனர். மேலிருந்து வந்த கட்டளையாக மட்டும் அமைந்திருப்பின் அது சில திங்களில் மறைந்திருக்கும். வாட்டிலுள்ளோர் தமதாகக் கொண்டமையாலேயே நிலைத்தது.

மூன்றாவதாகிய பேச்சுக்கு இடமமைத்தல் தவறினால் நேரும் கேட்டிற்கு இங்கிலாந்தின் ஸ்ராபோட் வைத்தியசாலை எடுத்துக்காட்டாகும். 2005 முதல் 2009 வரை அங்கு நோயாளர் பலர் நீரும் உணவும் எட்டாத நிலையிலும், மலசலத்தில் கிடந்தும் துன்புற்றனர். நிருவாகத்தினர் செலவுக் குறைப்பிலே கருத்தூன்றித் தாதியரின் தொகையைக் குறைத்தனர். குறை கூறியோர் அஞ்சி ஒடுங்கினர். உறவினரின் முறைப்பாடுகள் கேட்பாரற்றன. வழக்கறிஞர் ரொபேட் பிரான்சிஸ் தலைமையில் நடந்த பகிரங்க விசாரணை 2013 பெப்ரவரியில் 290 பரிந்துரைகளைக் கூறியது. அவற்றுள் ஒன்று, வாட்டின் பொறுப்புத் தாதியார் அலுவலகத்திற் கடதாசிகளோடு கட்டுண்டு கிடவாது, நோயாளரிடையே நின்று மேற்பார்வை செய்தல் வேண்டும் என்பது. உழைச்செல்வாருக்குத் தலைவராயினாரும் நோயாளியின் பக்கத்தினின்று நீங்கலாகாது என்பதன்றோ இதன் பொருள்?

பிழையை ஏசாதிருத்தல் என்றால் கடமை தவறினார்க்குத் தண்டனையே வேண்டாமா என்று சிலர் வினவலாம். கவனம் சிதறி நேர்வது ஒன்று. அபாயம் என்று அறிந்தும் சோம்பலாற் குறுக்குவழி கொள்வது ஒன்று. மனமறியத் தீங்கிழைப்பதும், செய்ததை மறைப்பதும் வேறொன்று. முதலாவதற்கு ஆறுதலும் திருத்தமும், இரண்டாவதற்குக் கண்டிப்பும், மூன்றாவதற்குத் தண்டனையும் உரியன. இவை மூன்றையும் ஒரே தராசில் இட்டு நிறுப்பதே பெரும்பிழை. பிழையிலிருந்து கற்கும் இவ்வழி நம் நாட்டிற்குப் புதியதுமன்று. 1930களில் ஓரிலட்சம் பிறப்புகளுக்கு 2000 தாய்மார்க்கு மேல் இறந்த இத்தீவில் அத்தொகை அண்மைக் காலத்தில் 40 அளவிற்குத் தாழ்ந்திருக்கின்றது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், ஊர்தோறும் சென்ற மருத்துவிச்சிமாரும், இலவச வைத்தியமும், கல்வியும் அதற்குக் காரணங்கள். தாயொருத்தி இறந்தால், எங்கே தவறியது என்று ஒவ்வோர் இறப்பையும் தனித்தனியே ஆராயும் வழக்கமும் அவற்றோடு சேர்ந்த ஒன்றாகும்.

இவையனைத்தும் நம் மலைநாட்டிற்கு வரும்போது மற்றும் இரண்டு இடர்கள் சேர்கின்றன. முதலாவது மொழி. தோட்டத்திலிருந்து கந்தப்பளை வழியாக நுவரெலியா வைத்தியசாலைக்குச் செல்லும் தமிழ்த் தாய்க்குத் தன் நோயைத் தன் மொழியிற் சொல்லும் வாய்ப்பு எப்போதும் கிட்டுவதில்லை. நெஞ்செரிச்சலும் நெஞ்சுவலியும் மொழிபெயர்ப்பில் ஒன்றாகிவிட்டால் சிகிச்சையும் மாறிவிடும். 2007 ஆம் ஆண்டு முதல் அரச சேவையிற் சேர்வோர் மற்றை அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என விதிக்கப்பட்டது. விதி ஏட்டிலிருந்து வாட்டிற்கு வருவதற்கு இடையில் ஒரு தலைமை வேண்டும். தமிழறிந்த தாதி ஒருவரேனும் ஒவ்வொரு முறையிலும் இருக்குமாறு பணி வகுப்பதும், தள்ளுவண்டியில் நான்கு தமிழ் வாக்கியங்களை ஒட்டுவிப்பதும் அத்தலைமையின் செயல்கள்.

இரண்டாவது இடர் நம்மிடமே உள்ளது. துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் கங்காணிக்கும் தலைமுறை தலைமுறையாகச் “சரிங்க” என்று பழகிய நாவு, வெள்ளுடை தரித்தாரைக் கண்டாலும் “ஆமாங்க” என்றே கூறுகின்றது. விளங்காததை விளங்கவில்லை என்று கூறுவது மரியாதைக் குறைவென்று நம் மூத்தோர் எண்ணுகின்றனர். என் தாயாரின் உயிருக்கு இடராயிற்று அவ்வொரு “ஆமாங்க”. லெட்சுமியும் செல்லம்மாவும் ராமாயியும் தோட்டந்தோறும் பலராயிருக்கும் நாட்டில், தன் முழுப்பெயரையும் தந்தை பெயரையும் கூறி, “இது என்ன மருந்துங்க?” என்று கேட்கப் பழகுதலும் பாதுகாப்பேயாகும். அவ்வினாவிற்கு முகஞ்சுளிக்காது விடையளிக்கும் வாட்டை அமைப்பது தலைமையின் பொறுப்பு. வினாவுதற்குக் கற்பிப்பது ஆசிரியராகிய எம் பொறுப்பு.

தோட்ட மக்களின் மருத்துவத் தேவைக்கென 1872 ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் பிறந்தது. 2017 ஆம் ஆண்டு மே 12 ஆம் நாள், இந்திய உதவியில் 150 கட்டில்களோடு எழுந்த டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடத்தை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். சட்டமும் கட்டடமும் கருவியும் வேண்டற்பாலனவே. அவை வந்ததில் மகிழ்கின்றோம். ஆனால் நாடா வெட்டித் திறக்க இயலாத ஒன்று அக்கட்டடங்களினுள்ளே தாதியரின் மனத்தில் உளதாதல் வேண்டும். பிழை நேர்ந்த அக்கணத்தில், ‘இதனை யான் சென்று சொல்லலாம்’ என்னும் நம்பிக்கையே அது.

இச்சஞ்சிகையைப் படிக்கும் மாணவருள் விஞ்ஞானம் கற்போர் சிலர் நாளை தாதியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத் தாதியியற் பிரிவுகளுக்கும் செல்வர். சிங்களமும் நன்கு கற்றுச் செல்லுமாறு அவரை வேண்டுவேன். இரு மொழியும் அறிந்த தாதி ஒருவர் வாட்டில் இருப்பது பல பிழைகளுக்கு மருந்தாகும். அவருட் சிலர் காலப்போக்கிற் பொறுப்புத் தாதியாராக உயர்வர். அந்நாளில், முகம் வெளுத்த இளந்தாதி ஒருவர் அவர் மேசைமுன் வந்து நிற்பார். அப்போது அவர் கூறும் முதற் சொல்லைப் பொறுத்தே, எங்கோ ஒரு கட்டிலில் “ஆமாங்க” என்று கைநீட்டிய தாயொருத்தி மறுநாட் காலையில் விழித்தெழுவதும் எழாததும் அமையும்.